இரண்டாவது மணி

காது மிஷினை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததற்கு தீயணைப்பு வண்டி மணிக்காரர் சொன்ன சாக்கு, அதை மாட்டினால் காதுக்குள் பூச்சி ஊர்வது போல இருக்கிறதாம். அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கென்று பார்த்தா? பழைய தீயணைப்புச் சாமான்களை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு அவர் வேலை பார்த்த வண்டியும் வந்துவிட்டது என்று மகள் சொன்னதிலிருந்து, அதன் முன்னால் வைத்து அவரிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லச் சொல்ல வேண்டிய விஷயம். இவருக்கோ எதையும் ஊரைக் கூட்டித்தான் சொல்ல வேண்டும்.

உள்ளே கை பம்புகள், தோல் வாளிகள், பித்தளைத் தொப்பிகள். கூடத்தின் கடைசியில் அந்தச் சிவப்பு வண்டி, முகப்பில் மணியோடு. மனிதர் பச்சைக் குழந்தையாகிவிட்டார். பக்கத்தில் நின்ற காவலரைப் பிடித்துக்கொண்டார்.

"டிரைவருக்குப் பக்கத்து சீட்டு என்னோடது தம்பி. சைரன் எல்லாம் அப்ப ஏது? வழி பூரா நான்தான் இந்தக் கயித்தப் பிடிச்சு அடிக்கணும். திரும்பி வரும்போது அடிக்கக் கூடாது. ஆனா என் வீடு தெருமுனையில. ஒரே ஒரு தட்டு தட்டுவேன். முழுசா வந்துட்டேன்னு அர்த்தம். இவ ஜன்னலைத் திறப்பா."

காவலர் என்னவோ கேட்டார். அது காதில் விழாமல் இவர் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"கடைசியா தட்டினதுதான் வீணாப் போச்சு. பின்பக்கம் துணி துவைச்சிட்டிருந்தாளாம். குழாய்ச் சத்தத்துல கேக்கலையாம். அடுத்த வாரமே சைரன் மாட்டிட்டாங்க!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் அவர் சொல்லும் கதை அது. ஒவ்வொரு முறையும் அவளும் கூடச் சிரித்து வைப்பாள்.

குழாயும் இல்லை, துணியும் இல்லை. அன்று மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. லீவு நாளில், வேறொருவருக்குப் பதிலாக வேலைக்குப் போகிறேன் என்று இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயங்காலம் மணி கேட்டபோது அவள் சாத்திய ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றாள். கிடந்து தவிக்கட்டும் என்று திறக்கவில்லை. ஒருநாளும் இல்லாத திருநாளாக வண்டி அங்கேயே நின்றது. மணி இரண்டாம் முறை ஒலித்தது. அப்போதும் அவள் அசையவில்லை. அன்று அவர் கையில் ஒரு பிள்ளை உயிரை விட்டிருந்தது மறுநாள் டிரைவர் மனைவி சொல்லித்தான் தெரியும். அதற்குள் துணி துவைத்த பொய்யைச் சொல்லியாகிவிட்டது. அவரும் மறுபேச்சில்லாமல் நம்பிவிட்டார். அந்த நம்பிக்கைதான் இத்தனை வருஷமாக அவளை அரித்தது.

"என்னங்க, அன்னைக்கு நான்..."

"ஆங்? சத்தமாச் சொல்லு!"

கூடமே திரும்பிப் பார்த்தது. மன்னிப்பை எப்படிக் கத்திக் கேட்பது? அவர் ஏணிகளைப் பார்க்க நகர்ந்தார்.

அவள் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய் மணியை அடித்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. பிறகு அதன் அதிர்வை உள்ளங்கையால் அமுக்கினாள். அவரைத் தவிர எல்லாரும் திரும்பினார்கள்.

"அம்மா, தொடக் கூடாதும்மா! கை பட்டா பித்தளை கறுத்துடும்." ஓடி வந்த காவலர், பெரியவரின் தோளைத் தட்டி, அவளையும் மணியையும் மாறி மாறிச் சைகையில் காட்டினார்.

"இவளா? மணி அடிச்சாளா?" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எத்தனை தட்டு?"

காவலர் இரண்டு விரலைக் காட்டினார்.

சிரிப்பு நின்றுவிட்டது. அன்று இரண்டு முறை தட்டியதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப உனக்குக் கேட்டிருக்கு."

அவள் தலையாட்டினாள்.

அவர் கைக்குட்டையை எடுத்து, மணியில் படிந்திருந்த அவள் கைத்தடத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மன்னிச்சிருங்க" என்றாள் அவள், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒத்திகை பார்த்தது போலவே மெல்ல.

அவர் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.