பன்னிரண்டு மணித் தூக்கம்

பம்ப்காரருக்கு அந்த ஓட்டலில் இரண்டு வேலை. தண்ணீர் பம்ப், ஏசி, லிஃப்ட் என்று எது மக்கர் செய்தாலும் சரிபண்ணுவது ஒன்று. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு வாசலில் சாய்வு நாற்காலியில் படுத்துத் தூங்குவது இன்னொன்று. முதல் வேலையில் பதினெட்டு வருஷம் ஓட்டியாயிற்று. இரண்டாவது வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. உடம்பு அலுத்துப்போவது என்னவோ இரண்டாவதில்தான்.

அது வந்த விதம் இப்படி. ஒரு தடவை பம்ப் எரிந்துபோய், முப்பது மணி நேரம் கண்ணைச் சிமிட்டாமல் வேலை பார்த்தார். முடிந்ததும் அஞ்சு நிமிஷம் சாயலாம் என்று அந்த நாற்காலியில் சாய்ந்தார். சுற்றுலாத் துறையின் போட்டோகிராபர் ஒருவர் அந்த நேரம் பார்த்து வந்து தொலைத்தார். அடுத்த மாதமே தலைநகர் முழுக்கச் சுவரொட்டி: வாயைப் பிளந்து தூங்கும் பம்ப்காரர், கீழே ‘கடலோரம்: அவசரம் அறியாத மக்கள்’. மந்திரி அதை வெளியிட்ட விழா இரண்டரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. அதைப் பற்றி யாரும் சுவரொட்டி அடிக்கவில்லை.

அப்புறம் என்ன, சுற்றுலாப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். இறங்கியதும் முதல் கேள்வி, “அந்தத் தூங்குற ஆள் எங்கே?” ஆள் தண்ணீர்த் தொட்டிக்குள் இடுப்பளவு சேற்றில் நிற்கிறார் என்று சொல்ல மேனேஜருக்கு மனசு வரவில்லை. அன்றிலிருந்து தூக்கமும் டியூட்டியில் சேர்ந்துவிட்டது.

இன்று காலை பம்ப்காரர் மேனேஜர் எதிரில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தூங்குறதுக்கு லீவு வேணும்.”

“என்னண்ணே விளையாடறீங்க? ரெண்டு பஸ் வருது.” காரியம் ஆகவேண்டும் என்றால் மேனேஜருக்கு அவர் ‘அண்ணே’. ஆகிவிட்டால் ‘யோவ்’.

“நம்ம ஹால்ல இன்டர்வியூ நடக்குதே, அதுக்கு என் மக வருது சார். தலைநகர் கம்பெனி. வாசல்ல அப்பன் வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடந்தா...”

“உங்க மகன்னு யாருக்குத் தெரியப்போகுது?”

“வேற யாரையாவது படுக்க வைங்களேன்.”

“அந்த மூஞ்சி வேற யாருக்குண்ணே வரும்?”

“ஹால் ஏசி வேற நின்னுபோச்சு சார். அதையாவது பார்க்கிறேனே.”

“ஜன்னலைத் திறந்து விட்டாச்சு. நீங்க போய்ப் படுங்க.”

கம்பெனிக்குச் சரக்கு லாரிகளை நேரத்துக்குக் கிளப்பிவிட ஒரு மேற்பார்வையாளர் தேவை. மகள் அந்தப் படிப்பில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள். இதற்கு முன் நாலு இடத்தில் ‘எந்தப் பக்கம் நீங்க?’ என்று கேட்டார்கள், ‘கடலோரம்’ என்ற பதிலைக் கேட்டதும் சிரித்தார்கள், அனுப்பிவிட்டார்கள். இந்த ஐந்தாவதும் போனால் வீட்டோடு இருந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். வீம்புக்குச் சொல்கிறவள் இல்லை, செய்துவிடுவாள்.

“நான் யாரோ, நீ யாரோ. திரும்பிக்கூடப் பார்க்காதே,” என்று அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளும் சரியென்று, நாற்காலியில் நீட்டியிருந்த அவர் கால்களைத் தாண்டி உள்ளே போனாள்.

பன்னிரண்டுக்கு முதல் பஸ் வந்தது. பம்ப்காரர் கண்ணை மூடி, வாயை அளவாகத் திறந்துகொண்டார். வழிகாட்டி குரலை இறக்கினான். “மெதுவா வாங்க, எழுந்துடப் போறார். இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இது ரத்தத்திலேயே ஊறினது.”

தலைக்கு நேர் பின்னால் ஹாலின் ஜன்னல். உள்ளே பேசுவது அத்தனையும் காதில் விழுந்தது.

“மார்க் எல்லாம் பிரமாதம்மா,” என்றது ஒரு கனத்த குரல், கம்பெனியின் பெரிய அதிகாரி. “ஆனா பாருங்க, எங்க லாரி விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பணும். உங்க ஊர்ல பட்டப்பகல்லயே வாசல்ல ஒருத்தர் குறட்டை விடறார். ஏசி வேலை செய்யலை, அதைப் பார்க்கவேண்டிய ஆளும் எங்கேயோ தூங்கிட்டிருப்பான், இல்லையா?”

இரண்டு பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

சொல்லாதே தாயி, என்று பம்ப்காரர் மூடிய கண்ணுக்குள் கெஞ்சினார்.

“அந்த ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் சார்,” என்றாள் மகள். “எங்க அப்பா. விடிஞ்சதிலேருந்து பம்ப்ல கிடந்துட்டு, இந்த ஏசியைப் பார்க்க வந்தார். உங்களை மாதிரி வர்றவங்க பார்க்கணும்னு தூங்கச் சொல்லி உட்கார வெச்சிருக்காங்க.”

உள்ளே யாரோ மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

“பலே! உங்களுக்கு நல்ல நகைச்சுவை உணர்வும்மா,” என்றார் பெரிய அதிகாரி. “சரி, லெட்டர் போடறோம்.”

“இமை துடிக்குது பாருங்க,” என்றான் வெளியே வழிகாட்டி. “கனவு காண்றார்.”

பம்ப்காரர் கண்ணைத் திறந்தார். எதிரே இருபது கேமரா. அவர் முறைத்த முறைப்பில் இரண்டு பேர் பின்வாங்கினார்கள். வழிகாட்டி அசரவில்லை. “பயப்படாதீங்க, இவங்க கண்ணைத் திறந்துக்கிட்டும் தூங்குவாங்க.”

அதற்குள் மகள் வெளியே வந்தாள். அவர் எழுந்ததும், காலையிலிருந்து வரிசையில் நின்றே களைத்தவள் அந்த நாற்காலியிலேயே சரிந்து கண்ணை மூடினாள். ஒரு கேமரா அவள் பக்கம் திரும்பியது. பம்ப்காரர் அதன் கண்ணாடியை உள்ளங்கையால் பொத்தினார்.

“எந்திரிம்மா. வந்து ஏணியைப் பிடி.”

“யோவ், எங்கே போறே? ரெண்டாவது பஸ் வருதுய்யா!” என்றார் மேனேஜர்.

“ஏசி பார்க்க.”

நாற்காலி காலியானதும், இன்டர்வியூ எடுத்த மற்ற இரண்டு பேரும் ஓடிவந்து, ஆளுக்கொரு தடவை அதில் படுத்து, வாயைப் பிளந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஹாலில் பெரிய அதிகாரி மட்டும் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்.

“அட, எழுந்துட்டீங்களா!” என்று மலர்ந்தார்.

“என் பொண்ணு சொன்னது ஜோக் இல்லீங்க.”

“அப்படியா, சந்தோஷம், சந்தோஷம்.”

பம்ப்காரர் ஏணியில் ஏறினார். மகள் கீழே பிடித்துக்கொண்டாள். ஒரு ஒயர் கருகியிருந்தது. வெட்டி, சீவி, முறுக்கிச் சேர்க்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏசி முனகி, இருமி, சில்லென்று ஊதியது. கருவிகளைப் பைக்குள் போடக் குனிந்தபோது மேஜைமேல் இருந்த பட்டியல் தெரிந்தது. மகள் பெயர்மீது, மை எப்போதோ காய்ந்துபோன கோடு ஒன்று ஓடியிருந்தது. பக்கத்தில் ‘கடலோரம்’ என்று எழுதி, அதற்கும் கீழே ஒரு கோடு.

அந்தக் கோடுகளைப் போட்ட கை நாற்காலியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. குளிர்காற்று முகத்தில் பட்டதும் பெரிய அதிகாரி கழுத்துப்பட்டையைத் தளர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிப்போயிருந்தார். பம்ப்காரரைவிட ஒரு விரல்கடை அதிகமாகவே திறந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பஸ் ஆட்களுமாக நாற்பது பேர் நின்றார்கள். ஒருத்தரும் போட்டோ எடுக்கவில்லை.

பட்டியலை மகளும் பார்த்துவிட்டாள்.

“எழுப்பட்டுமாப்பா? எழுப்பி நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கட்டுமா?”

பம்ப்காரர் ஏணியை மடக்கித் தோளில் வைத்தார்.

“வேணாம்மா. பாவம், பயணக் களைப்பா இருக்கும்.”