குறையாகப் போகக் கூடாத குப்பி

அன்று கிணற்றடியில் நின்றவர்கள் நால்வர்: பெரியவர், அவர் மனைவி, பக்கத்துப் பால்காரர், நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மருமகள். பொதுக் கிணற்றில் கலப்பது பெரியவரின் கக்கூஸ் தொட்டிக் கசிவா, பால்காரரின் கொட்டகைக் கழிவா என்று பாக்டீரியாவின் மரபணுவைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"மாமா, ஒப்பிட்டுப் பார்க்க நான் எடுத்து வச்ச சுத்தத் தண்ணியிலயும் மனுஷக் கழிவோட அடையாளம் வந்திருக்கு. குப்பியைத் தொட்டீங்களா?"

"பாதிதான் இருந்துச்சு. நம்ம வீட்டுல இருந்து போறது குறையாப் போகலாமாம்மா? கிணத்துத் தண்ணியை ஊத்தி நிரப்பினேன்."

மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு வாரச் சோதனை மாமா! மொத்தமும் செல்லாது."

"கௌரவத்தைத் தளும்பத் தளும்ப ஊத்தியிருக்காரு," என்றார் பால்காரர்.

"நீங்க சும்மா இருக்கவே மாட்டீங்களா?" என்றாள் மனைவி பெரியவரிடம்.

பெரியவர் காதில் எதுவும் விழவில்லை. "அப்போ கிணத்துல இருக்கிறது மனுஷக் கழிவா? மாட்டோடது இல்லையா?"

"மாட்டோடது இல்ல மாமா, மனுஷக் கழிவுதான்."

மாமனார் மேலுள்ள கோபத்தில் மருமகள் குப்பியை மாற்றிவிட்டாள் என்று தெருவில் பேசுகிறார்கள். அது பொய். மறுபடி எடுத்த தண்ணீரிலும் அதே முடிவுதான் வந்தது. தொட்டியை இடித்துக் கட்டச் சொன்னவரும் பெரியவர்தான்.