பாசி அனுப்பிய திருத்தம்

அவள் ஏரித் தண்ணீரில் வளரும் பாசிகளை ஆராய்பவள். அவன் மென்பொருள் எழுதுபவன். கல்யாணமான புதிதில், ஆய்வுக்கூடக் கருவி கக்கும் கோப்புகளோடு அவள் மல்லுக்கட்டுவதைப் பார்த்துத்தான் அவன் 'சரடு' எழுத ஆரம்பித்தான். கோப்பைச் சுத்தம் செய்வது, கணக்குப் போடுவது, வரைபடம் வரைவது என்று அவள் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்த வேலைகளை, ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே தொடங்கும்படி சரடு கோத்துவிட்டது.

அதன் நிரலை அவன் இணையத்தில் பொதுவில் வைத்தான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். மண்ணை ஆராய்பவர், நட்சத்திரம் பார்ப்பவர் என்று முகம் தெரியாத பலர் வந்து சேர்ந்து, ஆளுக்கொரு பகுதியைக் கவனித்துக்கொண்டார்கள். அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். அவன் கொக்கி. எதற்கும் ஆற அமரப் பதில் போடும் வானியல்காரர் ஒருவர், தனக்கு நத்தை என்று வைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பாசி என்ற பெயரில் ஒரு திருத்தம் வந்தது. பார்த்ததுமே அவனுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அவள் அறைக்குப் போய் அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வீட்டுல இதைப் பத்திப் பேச்சே கூடாது. எதுன்னாலும் அங்க எழுது."

அவர்களோடு தங்கியிருந்த அவன் தங்கைக்கு இது விளங்கவே இல்லை. "பக்கத்து ரூம்லதானே இருக்காரு அண்ணி? ஒரு குரல் குடுத்தா முடிஞ்சுபோச்சு."

"வீட்டுல கேட்டு வாங்கினா அது சிபாரிசு. நானே உட்கார்ந்து கத்துக்கிட்டு எழுதினது. நாலு பேர் பார்த்து, சரின்னு சொல்லி உள்ள போகட்டும்."

திருத்தம் சின்னதுதான். நூற்றுக்கணக்கான தண்ணீர் மாதிரிகளில் ஒன்றின் கோப்பு பழுதாக இருந்தாலும் சரடு மொத்தமாக நின்றுவிடும். இனி பழுதானதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றோடு மேலே போகட்டும் என்று மாற்றியிருந்தாள்.

மனைவி என்பதற்காகத் தலையாட்டிவிட்டோம் என்று ஆகிவிடக் கூடாதே என்ற பயம் அவனுக்கு. அதனால் வேறு யாருடையதையும் பார்க்காத கெடுபிடியோடு அதைப் பார்த்தான். 'தங்கள் முயற்சிக்கு நன்றி. பழுதைத் தாண்டிப் போக விடுவது ஆபத்து. ஏற்க இயலாது' என்று எழுதினான். அடுத்த அறையில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் பதில் வந்தது: 'தாங்கள் கடைசியாக எப்போது ஏரி மாதிரிகளோடு உட்கார்ந்தீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?'

வாக்குவாதம் வளர்ந்தது. சிலர் கொக்கி பக்கம், சிலர் பாசி பக்கம். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பு மட்டும் இங்கும் அங்கும் போய் வந்தது.

"ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?" என்றாள் தங்கை.

"காலையிலேருந்து வேற என்ன பண்றோம்?" என்றான் அவன். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்பில் கண்ணாக இருந்தாள்.

இதற்கிடையே நத்தை இருவருக்கும் தனித்தனியாக எழுதினார். அவனுக்கு, 'பாசியை விரட்டிவிடாதீர்கள், இப்படிப்பட்டவர் கிடைப்பது அபூர்வம்.' அவன் 'தெரியும்' என்று மட்டும் பதில் போட்டான். அவளுக்கு, 'கொக்கி எழுத்தில்தான் முரடர். நேரில் நல்லவராக இருப்பார் என்று நினைக்கிறேன்.' அவள் 'எனக்கும் அப்படித்தான் படுகிறது' என்று எழுதிவிட்டுத் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள்.

கடைசியில், எல்லோரும் திரையில் முகம் பார்த்துப் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்றார் நத்தை. சனிக்கிழமை மதியம் இருவரும் அவரவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். நத்தை நடுவயதுப் பெண்மணி என்பது அன்றுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

அவன்தான் ஆரம்பித்தான். "சிலதை ஒதுக்கிட்டு வரைபடம் வந்துட்டா, பார்க்கிறவங்க, எல்லா மாதிரியும் சேர்ந்ததுன்னு நினைச்சுப்பாங்க. தப்பான முடிவு ஊரெல்லாம் பரவிடும்."

"இப்ப மட்டும் என்ன நடக்குது?" என்றாள் அவள். "ஒண்ணு கெட்டு எல்லாம் நின்னதும், அந்தக் கோப்பைக் கையால தூக்கிப் போட்டுட்டு முதல்லேருந்து ஓட்டறோம். தூக்கிப் போட்டதை யாரும் எங்கயும் சொல்றதில்ல. அவசரத்துல நானும்தான்."

அவன் திகைத்துப்போனான். எது நடக்கக் கூடாதென்று இத்தனை நாள் காவல் காத்தானோ, அது அடுத்த அறையிலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"ஐயோ, இதை ஏன் நீ எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"கொக்கி!" நத்தையின் குரல் உயர்ந்தது. "நீ, வா, போன்னு என்ன பேச்சு இது? அவங்க நம்மகூட வேலை பார்க்கிறவங்க!"

அந்த நேரம் பார்த்து அவள் பின்னால் கதவு திறந்தது. தட்டோடு, மஞ்சள் சட்டையில் தங்கை. "அண்ணி, டீ." அவள் சைகை காட்டுவதற்குள் தங்கை போய்விட்டாள். அடுத்த நொடி அதே தட்டு, அதே மஞ்சள் சட்டை, கொக்கியின் சதுரத்தில். "அண்ணா, டீ."

மண் ஆராய்ச்சிக்காரர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். நத்தை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "கடவுளே, புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நான் பஞ்சாயத்து பண்ணியிருக்கேனே! கடிதம் வேற எழுதினேன்!"

"ரெண்டு பேருக்குமா?" என்று கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். சுவர் வழியாகவும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்டது.

அவன் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்கே வந்துவிட்டான். மாலைவரை ஒரே மேசையில் முட்டிக்கொண்டு எழுதினார்கள். பழுதான மாதிரியை ஒதுக்கிவிட்டு சரடு மேலே போகும். ஆனால் எதை, ஏன் ஒதுக்கினோம் என்பதை வரைபடத்தின் மேலேயே அச்சடித்துவிடும். யாராலும் மறைக்க முடியாது. நத்தை வழக்கம்போல் நிதானமாகச் சோதித்துப் பார்த்து, ஓர் எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டி, உள்ளே சேர்த்தார். புதிதாக வரும் திருத்தங்களைப் பார்க்கும் பொறுப்பைப் பாசிக்கே கொடுக்கலாம் என்று அவரே முன்மொழிந்தார்.

அடுத்த வாரம் யாரோ ஒரு புதியவர் தன் முதல் திருத்தத்தை அனுப்பினார். அவள் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"கொஞ்சம் கடுமையா இருக்கு."

"எது, 'இது போதாது'ங்கிறதா? உண்மையைத்தானே எழுதியிருக்கேன்."

"உண்மைதான். ஆனா பாவம், முதல் தடவை."

அவள் முறைத்தாள். பிறகு அந்த வரியை அழித்துவிட்டு, "நீயே சொல்லு, எப்படி எழுதலாம்?" என்று நாற்காலியில் பாதி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.