சைனாடவுன் பூங்காவில் பெனடிக்ற்

சைனாடவுனை ஒட்டினாற்போல இருக்கிற அந்தப் பழைய கிறிஸ்தவக் கோயில் பூங்காவுக்குப் படியேறும்போதே றோஸ்மலருக்கு மூச்சு வாங்கியது. தெருவைவிட ஆளுயரத்துக்கு மேலே கிடக்கிற நிலம் அது. அந்தக் காலத்தில் சவத்துக்கு மேல் சவமாகத் தாட்டுத் தாட்டு மண்ணே உயர்ந்துபோனதாம். பிறகு போரில் குண்டு விழுந்து கோயில் போய்விட்டது, கோபுரம் மட்டும் மிச்சம். மத்தியானச் சமையல் முடிந்த சைனாக்காரக் குசினி ஆட்கள் கால் நீட்டுவது இங்கேதான் என்று, அவர்களோடு வேலை செய்த அவளுடைய தம்பி கிருசாந்தன் ஒருமுறை சொல்லியிருந்தான்.

அவனைத் தேடித்தான் வந்திருக்கிறாள். பின்னாலே புருசன் பெனடிக்ற், கசாப்புக் கடைக்குப் போகிற ஆடு மாதிரி இழுபட்டுக்கொண்டு வந்தான்.

விசா மறுக்கப்பட்ட கிருசாந்தன் போன மாரியில் பேச்சுமூச்சில்லாமல் மறைந்துபோனான். "ஏஜென்சிக்காரன் கனடாவுக்குக் கொண்டு போறான். வாய் திறந்தால் பாதை பிழைச்சுப் போகும்," என்றான் பெனடிக்ற். எங்கள் சனத்துக்கு இந்த ஒரு சொல் போதுமே! பெற்ற தாயிடமும் மூச்சு விடமாட்டார்கள். றோஸ்மலரும் ஒரு வருசம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். போய்ச் சேர்ந்தும் அக்காவுக்கு ஒரு போன் எடுக்க மனம் வராத நன்றி கெட்டவன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டும் இருந்தாள். போன கிழமை ரொறன்ரோவிலிருந்து மச்சாள் டொலறஸ் பேசியபோதுதான், அப்படி ஒருவன் அங்கே வரவேயில்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

"இஞ்சேர், இவங்களுக்கு என்ன தெரியப்போகுது? வாரும், போவம்," என்றான் பெனடிக்ற்.

"நீங்கள் நில்லுங்கோ. நான் கேக்கிறன்."

ஒரு மர வாங்கில் வெள்ளை உடுப்போடு ஒரு வயதான சமையல்காரர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பேர் லாவ் என்றார். இரண்டு பேருடைய இங்கிலிசும் ஒரே அளவு நொண்டி, அதனால் நன்றாக விளங்கியது.

அவள் நீட்டிய தம்பியின் படத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "பெனடிக்ற்."

"இல்லை. இது கிருசாந்தன். என் தம்பி."

"பெனடிக்ற்தான். என்னோடு இறால் உரித்த பையன்."

றோஸ்மலர் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவன் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். விசா இல்லாதவனுக்குச் சொந்தக்காரன் தன் பேரையும் வேலை நம்பரையும் இரவல் கொடுப்பது எங்களுக்குள் புதினமில்லை. பெண்டாட்டிக்குத் தெரியாமல் கொடுத்ததுதான் புதினம்.

லாவ் சொல்லிக்கொண்டு போனார். போன மாரியில் ஒரு நாள், இதே வாங்கில் பையன் இருந்தபோது அதிகாரிகள் வந்தார்களாம். பேர் பெனடிக்ற் என்றானாம், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் பிசகாமல் ஒப்பித்தானாம். நம்பிவிடுகிற மாதிரித்தான் இருந்ததாம். சரிபார்க்க வீட்டுக்குப் போன் எடுத்தார்களாம். ஒரு பெண், பெனடிக்ற் வீட்டிலே நித்திரை கொள்கிறார் என்று சொன்னாளாம். உடனே பையனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்தப் போன் றோஸ்மலருக்கு ஞாபகம் இருந்தது. நைட் ஷிப்ட் முடித்துப் படுத்த புருசனை எழுப்பவேண்டாமே என்று, மரியாதையாக, சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அக்காவின் வாயால் தம்பி கெட்டான்.

லாவ் பாவம், ஏதோ பிழையாகிவிட்டதென்று எழும்பிப் போய்விட்டார்.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று புருசனைக் கேட்டாள்.

"நீர் அண்டைக்கு போன் வந்ததெண்டு சொன்னவுடனேயே விளங்கிட்டுது."

"ஓடிப்போய் அதிகாரிகளிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"என்னெண்டு? என்ர பேரையும் வேலைக் காட்டையும் குடுத்தனான் எண்டோ? எங்கட விசா முடிவும் அப்ப வரேல்லை, றோஸ். ரெண்டு பிள்ளையள். எல்லாரையும் பிளேனில ஏத்தியிருப்பாங்கள்."

"அதுக்குக் கனடா எண்டனீங்களோ?"

"ஓம்."

அவளுக்கு அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. அடித்து என்ன! அவனுடைய பயம் பொய்ப் பயமில்லை என்று அவளுக்குத் தெரியும், அதுதான் இன்னும் எரிந்தது.

"இப்ப எங்க அவன்?"

பெனடிக்ற் வாங்கில் இருந்துகொண்டான். முகத்தைத் துடைத்தான். "கொழும்புக்கு அனுப்பிப்போட்டாங்கள். ஒருக்கா போன் எடுத்தவன். நீர் அந்தோனியார் நவநாள் பூசைக்குப் போயிருந்தீர். லொட்ஜில நிக்கிறன், வெளியில போகப் பயமாயிருக்கு எண்டான். அதுக்குப் பிறகு எடுக்கேல்லை. நான் அந்த லொட்ஜுக்கு எடுத்துக் கேட்டன். வேனில வந்து ஏத்திக்கொண்டு போனவையாம். ஆர் எண்டு ஒருதருக்கும் தெரியாது."

அந்த வருசம் கொழும்பில் வேனில் ஏற்றப்பட்டவர்கள் திரும்பி வந்ததில்லை என்று றோஸ்மலருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பக்கத்து வாங்கில் இரண்டு பையன்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

"போனில சொன்னது நான்தான் எண்டு அவனுக்குத் தெரியுமோ?"

பெனடிக்ற் வாங்கை விட்டு எழும்பப் பார்த்தான்.

"கேக்கிறன். சொல்லுங்கோ."

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போனைப் போட்டவங்களாம்," என்றான். "தான் கத்தினால் நாங்களும் மாட்டுவம் எண்டு பேசாமல் இருந்தவனாம். 'அக்கான்ர குரலைக் கேட்டனான் அத்தான், சுகமாயிருக்கிறா போல, அது காணும்' எண்டு சொன்னவன்."

றோஸ்மலர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.