ரெண்டாவதுதான் தெளிவு

ஷுக்ரி பிடுங்கிய வேகத்தில் பழைய அனலாக் கேபிளின் பச்சை முனை முறிந்து டிவிக்குள்ளேயே தங்கிவிட்டது. அதுவரை படம் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. ஒழுங்காக வருவதை அப்படியே விட்டுவைத்தால் அவன் ஷுக்ரி இல்லையே.

புது டிஜிட்டல் கேபிளை சாட்டிலைட் பெட்டியில் செருகினான். சத்தத்துக்குத் தனிக் கம்பி என்பதால் மைதானத்து இரைச்சல் ஸ்பீக்கர்களில் அலறியது. திரை மட்டும் தார் பூசியதுபோல் கிடந்தது. பழைய பெட்டியும் புது டிவியும் சண்டைபோட்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை.

"ஒரு நிமிஷம்ப்பா, இப்ப வந்துரும்."

"எதுடா வரணும்?" என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா. "அருமையா இருக்கு படம். கண்ணாடி மாதிரி."

ஷுக்ரிக்குக் காது சுட்டது. அப்பா ஹாஜி அப்துல் தவ்வாப் அலெக்ஸாண்ட்ரியாவில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் அவரைக் கால்விரலிலிருந்து தின்றுகொண்டு வந்தது, நாக்கை மட்டும் தொடவில்லை. மகன் எதைத் தொட்டாலும் ஒரு குத்தல் நிச்சயம்.

தங்கை நகாத்தின் புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் மறுபடி புகுந்தான். யாரோ கோல் போட்டார்கள். பச்சை முனையைப் பிடுங்கி, பல் பிடுங்கிய வைத்தியன் மாதிரி அதைத் தூக்கிக் காட்டியபடி அவன் வெளியே வந்தபோது, நகாத் தேநீர்க் குவளையைத் தரையில் வைத்துவிட்டு அப்பாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அடக்கம் முடிந்து, மாலையில் தெருவில் துக்கப் பந்தல் போட்டார்கள். சர்க்கரை போடாத காபி வலம் வந்தது. குர்ஆன் ஓதுபவரின் மைக் கரகரத்தது. ஷுக்ரி எழுந்தான். நகாத்தின் கணவன் பய்யூமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

"மச்சான், உன் கால்ல விழறேன். அந்த வயரைத் தொடாத."

ஷுக்ரி உட்கார்ந்தான். மைக்கைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டான். "திரை கறுப்பா இருக்கறப்ப படம் அருமைன்னாரே, கேலிதானே?"

"நோயாளி ஏதோ சொல்லியிருப்பாரு. காபியைக் குடி."

பக்கத்து நாற்காலிப் பெரியவர், அவர் கண்ணுக்குச் சொர்க்கம் தெரிந்திருக்கும் என்றார். அவரோடு வாதாட ஷுக்ரிக்குத் தெம்பில்லை. ஆறுதல் ஆளாளுக்கு வைத்திருந்தார்கள், பதில்தான் யாரிடமும் இல்லை. அப்பா தன்னைக் கடைசியாக ஒருமுறை மட்டம் தட்டிவிட்டுத்தான் போனாரா என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அப்பாவுக்கு ஹோம் தியேட்டர் வாங்கி வந்ததிலிருந்து ஷுக்ரி தினமும் சாயங்காலம் தன் வீட்டிலிருந்து கிளம்பி அப்பா வீட்டுக்கு வந்துவிடுவான். டிவிடி பெட்டியில் இரண்டு கேபிளையும் மாட்டி, கடல் வரும் காட்சியை மாற்றி மாற்றிக் காட்டுவான். "முதலாவதாப்பா, ரெண்டாவதா?" அப்பா அலட்டிக்கொள்ளாமல் சொல்வார்: "ரெண்டாவதுதான் தெளிவு." ஒருநாள் வரிசையைத் திருப்பிப்போட்டுக் கேட்டான். அப்போதும் ரெண்டாவதுதான். கிழவருக்கு வீம்பு என்று நினைத்துக்கொண்டான்.

துக்க வீட்டில் டிவி ஓடக் கூடாது. அண்டை வீடுகளும் தங்கள் டிவியை அணைத்திருந்ததால் அடுத்த நாள் காலை தெருவே ஊமையாக இருந்தது. ஷுக்ரி அப்பாவின் அறையில் ஸ்பீக்கர்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினான். நகாத் அப்பாவின் நீள அங்கிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நகாத், நீயாவது சொல்லு. சமாதானம் வேண்டாம். கேலி பண்ணிட்டுத்தானே போனாரு?"

அவள் ஓர் அங்கியை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். பிறகு அதையும் கீழே வைத்தாள்.

"நோன்பு மாசத்துலேருந்தே அப்பாவுக்குக் கண்ணு தெரியாதுண்ணே. சுத்தமா."

"என்னடி சொல்ற?"

"டாக்டரு ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு. நீ அந்த வாரம்தான் இதையெல்லாம் தூக்கிட்டு வந்து நின்ன. பய மூஞ்சி வாடிரும், அவன்கிட்ட மூச்சு விடாதன்னாரு அப்பா." முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்குச் சத்தம் வந்துச்சுல்ல. படமும் வந்துருச்சுன்னு நெனச்சுட்டாரு."

ஷுக்ரியின் ஒரு கையில் பழைய கேபிள் இருந்தது, மறு கையில் புதியது. எதை முதலில் பெட்டிக்குள் வைப்பது என்று தெரியாமல் நின்றான்.