ஆளைத் தாங்காத வார்

எவரெஸ்ட் போகும் வழியில் இருக்கும் போர்த்சே கிராமத்துக்கு அன்று காலை வெயில் இன்னும் வந்து சேரவில்லை. உருளைக்கிழங்கு அடையைப் பாதி தின்றபடியே யாங்ஜி சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். பனிச்சுவர் ஏறக் கற்றுத்தரும் பள்ளியில் பயிற்றுநர்களுக்கு மட்டும் கொடுக்கிற சட்டை அது. அடுப்புக்கு அந்தப் பக்கம் வெண்ணெய்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் உர்கேனின் கண் அந்தச் சட்டையை விட்டு நகரவில்லை.

“ஜிப்பை இழுத்துப் பூட்டிக்கோ. உள்ள இருக்கற பதக்கமெல்லாம் கொட்டிடப் போகுது.”

“பதக்கம் இல்ல, உனக்குக் கட்டின அடைதான் இருக்கு. வேணாம்னா சொல்லு, யாக் மாட்டுக்குப் போட்டுடறேன்” என்றாள் யாங்ஜி.

உர்கேன் நான்கு முறை எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவன். வசந்தம்தோறும் அவன் மேலே போயிருந்த நாட்களில் கீழே வீட்டையும் வயலையும் பார்த்துக்கொண்ட யாங்ஜி, குளிர்காலங்களில் உறைந்த அருவிகளில் ஏறிப் பழகி, தேர்வெழுதிப் பயிற்றுநராகிவிட்டாள். இந்த வருடம் அவன் வேலை செய்யும் மலையேற்ற நிறுவனம், பள்ளியின் சான்றிதழ் இல்லாதவர்களுக்குத் தலைமை வழிகாட்டி வேலை இல்லை என்று சொல்லிவிட்டது. ஆக, அவன் மாணவன், அவள் ஆசிரியை. நேற்று கடையில் ஒரு வெளியூர்க்காரன், “நீங்க யாங்ஜி மேடத்தோட வீட்டுக்காரரா?” என்று கேட்டதிலிருந்து அவன் நெஞ்சுக்குள் ஏதோ கருகிக்கொண்டே இருந்தது.

ஆற்றுக்கு அக்கரையில் உறைந்து நின்ற அருவியின் அடியில் பன்னிரண்டு பேர் வட்டமாக நின்றார்கள். உர்கேனின் தங்கை பூத்தியும் அதில் இருந்தாள். விடுதியில் பாத்திரம் கழுவுவதை விட்டு மலை வழிகாட்டியாக வேண்டும் என்பது அவள் ஆசை. அண்ணன் சொன்னதுதான் அவளுக்கு வேதம்.

யாங்ஜி ஒரு பனிக்கோடரியை உயர்த்திக் காட்டினாள். அதன் பிடியிலிருந்து இடுப்புப் பட்டைக்கு ரப்பர் வைத்துத் தைத்த வார் ஒன்று ஓடியது.

“கையை முழுசா ஓங்கினாலும் இது இழுக்கக் கூடாது. தொங்கிப்போய் காலணி முள்ளுல மாட்டவும் கூடாது. ஏறறதுக்கு முன்னாடி தையலைத் தடவிப் பாருங்க. கோடரி கை நழுவினா கீழ போகாம பிடிச்சு வைக்கும். இதோட வேலை அவ்வளவுதான். இதுல தொங்கி ஓய்வெடுக்காதீங்க, இதை நம்பிக் கயித்தை அவுக்காதீங்க. நிக்கணும்னா திருகாணியைப் பனியில இறக்கி, தடிச்ச பட்டையால அதுல மாட்டிக்கிட்டு நில்லுங்க.”

“ஏழாயிரம் மீட்டர்ல இதே வார்ல தொங்கிக்கிட்டு நான் தூங்கியே இருக்கேன்” என்றான் உர்கேன். வட்டம் கொல்லென்று சிரித்தது. பூத்தி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

“தூங்கியிருப்பீங்க. அன்னிக்கு அறுந்துபோகல, அவ்வளவுதான்” என்றாள் யாங்ஜி.

இப்போது சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. வீட்டில் ‘நீ’ என்பவள் இங்கே ‘நீங்க’ என்று மற்ற மாணவர்களோடு தன்னையும் வரிசையில் நிறுத்தியது, அந்தப் பதிலைவிட அவனுக்கு அதிகமாகச் சுட்டது.

இருவர் இருவராக ஏறி, இருபது மீட்டர் உயரத்தில் ஓர் அடி அகலப் படியில் நின்று, ஏறிய கயிற்றை அவிழ்த்து, அங்கே தொங்கும் வேறு கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவதுதான் அன்றைய பயிற்சி; சான்றிதழுக்கான தேர்வும் அதுதான். அண்ணனும் தங்கையும் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். யாங்ஜி பக்கத்துக் கயிற்றில் இன்னொருத்தியின் காலணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“திருகாணி போடணும்ல அண்ணா?”

“அதெல்லாம் உங்க அண்ணி பாடம். நாம மத்தவங்களுக்கு முன்னாடி இறங்கணும். கோடரி ரெண்டும் நல்லா இறங்கியிருக்கு. வார்ல சாஞ்சுக்கிட்டுக் கயித்தை அவுத்துடு.”

அவன் தன் கயிற்றை அவிழ்த்தான். பார்த்து அவளும் அவிழ்த்தாள். சாய்ந்தவளின் கால், படியின் விளிம்பில் சறுக்கியது. சறுக்கியது முழங்கை அளவு தூரம்தான். ஆனால் அவள் கோடரிகளின் இரண்டு வார்களில் ஒன்றின் தையல் துணி கிழிகிற சத்தத்தோடு பிரிந்தது. பாரம் முழுக்க விழுந்ததில் மற்ற வாரும் பிரியத் தொடங்கியது.

உர்கேன் பாய்ந்து அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்தான். மறுகை தன் கோடரியில் இருந்தது. திருகாணி போட மூன்றாவது கை வேண்டும். கையை விட்டால் தங்கை போய்விடுவாள். விடாவிட்டால், அவனையும் பிடித்திருப்பது அதே மாதிரி வார்தான்.

“யாங்ஜி” என்றான்.

அவள் ஏற்கெனவே பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தாள். “பூத்தி, அழாத. வலது காலைப் பனியில உதை. இன்னும் ஓங்கி. ஆங், அப்படித்தான். உர்கேன், நீ அசையாத.” பேசிக்கொண்டே திருகாணியைச் சுழற்றி இறக்கினாள். முதலில் நாத்தனாரை அதில் மாட்டினாள். இரண்டாவது திருகாணியில் கணவனை மாட்டினாள்.

கீழே இறங்கியதும் பூத்தி அண்ணியின் தோளில் முகம் புதைத்தாள். “என் தப்புதான் அண்ணி. நான்தான் அவசரப்பட்டேன்.”

அண்ணனைக் காப்பாற்றத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள் என்று யாங்ஜிக்குத் தெரியும். அவள் தேர்வுத் தாளை எடுத்து, உர்கேன் பெயருக்கு நேரே ‘தேறவில்லை’ என்று எழுதினாள். இந்த வசந்தத்தில் அவனுக்குத் தலைமை வேலை இல்லை.

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். “என்ன உர்கேன், பொண்டாட்டியே பெயிலாக்கிட்டாளே? இன்னிக்கு வீட்ல சாப்பாடு உண்டா?”

உர்கேன் தங்கையின் பிரிந்த வாரைக் கையில் எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தான்.

“அவளா அவுக்கல, நான்தான் அவுக்கச் சொன்னேன்” என்றான். “இந்த வார் கோடரியைத்தான் தாங்கும், ஆளைத் தாங்காது. காலையிலேயே இதைத் தெளிவாச் சொன்னாங்க. வேற எவன் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன். சொன்னது என் பொண்டாட்டிங்கற பொறாமையில, என் தங்கச்சியைக் கொல்லப் பார்த்தேன்.”