முத்திருளனின் முதல் எடுப்பு

முத்திருளன் செத்து நாலு மாதமாகியும் ஆள் பார்க்கப் போவதை நிறுத்தவில்லை என்ற விஷயம் தனிஸ்லாசுக்குத் திருமங்கலத்தில் வைத்துத்தான் தெரியவந்தது.

ஆள் பார்ப்பதென்றால் மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி உருப்படியான காரியமில்லை. சிம்மக்கல்லில் காகித மண்டி வைத்திருந்த காளையிடம் ஒரு சமயம் அமெரிக்கப் பத்திரிகைக் கட்டு ஒன்று எடைக்கு வந்தது. அந்த ஊர்க் கூடைப்பந்துக் குழுக்காரர்கள் வருஷா வருஷம் உட்கார்ந்து, இவன் எனக்கு, அவன் உனக்கு என்று முறை வைத்துப் புது ஆட்களைப் பொறுக்கிக்கொள்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. காளை விரல் வைத்து எழுத்துக்கூட்டி ஒரே வாரத்தில் படித்து முடித்தார். எண்பதாம் வருஷம் ஆடி மாதம் மண்டியின் மாடியில் காகித லீக் பிறந்தது.

ஐந்து பேர், ஐந்து குழு. ஆட்டக்காரர்கள் மட்டும் நிஜம். மதுரையிலும் சுற்றுப்பட்டிலும் பள்ளிக்கூடம், கல்லூரிகளில் ஆடுகிற பையன்களை நேரில் போய்ப் பார்த்து, உயரம், கை, கால், குணம் எல்லாம் நோட்டில் குறித்து, பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஆளுக்கொரு சீட்டு எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பகடைக்காய் இரண்டை உருட்டினால் ஆட்டம். சிம்மக்கல் மாடியில் தன் பேரில் முப்பது பாயிண்ட் விழுந்தது தெரியாமல் அந்தப் பையன் ஊரில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பான்.

வருஷா வருஷம் எல்லாக் குழுவும் கலைந்து, புதிதாக ஆள் எடுப்பு நடக்கும். கடைசியாக வந்தவருக்கு முதல் எடுப்பு. நிஜத்தில் சீக்காளியாகக் கிடப்பவன் காகிதத்திலும் ஆடக்கூடாது. இப்படிக் காளை பதினேழு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்லக்கூடாது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்.

தனிஸ்லாசும் முத்திருளனும் பத்திர ஆபீசில் நகல் எழுதுகிறவர்கள். அடுத்தடுத்த நாற்காலி. பதினாலு வருஷம் ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்தவர்கள். எண்பத்திரண்டில் சோழவந்தான் பள்ளிக்கூடத்தில் ஆரோக்கியம் என்று ஒரு இடதுகைப் பையன் கிளம்பினான். பந்து அவன் கையைவிட்டுப் போகும்போதே கூடை லேசாக வாயைத் திறந்துகொள்ளும் என்று சொன்னார்கள். இருவர் கண்ணும் அவன் மேலேயே இருந்தது. முத்திருளனுக்கு முறை முன்னால் வந்தது.

எடுப்புக்கு முந்தின நாள் டீக்கடையில் தனிஸ்லாஸ் சாதாரணமாகச் சொன்னார்: "மாப்ள, அந்த இடதுகைப் பயல நேத்துப் பாத்தேன். கண்ணெல்லாம் மஞ்ச. காமாலையாம். ஆறு மாசம் பந்தத் தொட மாட்டான்."

முத்திருளன் உச்சுக்கொட்டினார். மறுநாள் வேறொருவனை எடுத்தார். தனிஸ்லாஸ் கடைசியில் ஆரோக்கியத்தை, ஏதோ பாவம் பார்த்து எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டார். பதினைந்து நாளில் பையன் காகிதத்தில் துள்ளி ஆடினான். "என்ன மாப்ள, எந்திரிச்சுட்டானா?" என்று முத்திருளன் கேட்டதற்கு, "கீழாநெல்லிதான் குடுத்தாகளாம். வேற ஒரு மருந்து இல்ல, ஆசுபத்திரி இல்ல" என்று இன்னொரு பொய்யையும் தூக்கி முதல் பொய்க்கு முட்டுக்கொடுத்தார். அந்த வருஷம் தனிஸ்லாஸ் முதலாவது. முத்திருளன் கடைசி.

மாசி மாதம் முத்திருளனுக்கு நிஜமாகவே காமாலை வந்தது. பெரியாசுபத்திரிக்குப் போகலாம் என்று பெண்சாதி பாண்டியம்மாள் கெஞ்சினாள். "சோழவந்தான் பய பதினஞ்சு நாள்ல எந்திரிச்சுட்டான், எனக்கென்ன?" என்று கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தார். தனிஸ்லாஸ் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். இரண்டு தடவையும் உண்மை தொண்டைவரை வந்தது. ஒரு விளையாட்டில் செய்த திருட்டு வெளிப்பட்டுவிடுமே என்று விழுங்கிவிட்டார். பன்னிரண்டாம் நாள் முத்திருளன் செத்துப்போனார்.

அடுத்த ஆடி வந்தது. தனிஸ்லாஸ் திருமங்கலத்துக்கு ஆள் பார்க்கப் போனார். அங்கிருந்த பி.டி. மாஸ்டர் அலுத்துக்கொண்டார்.

"உங்க கூட்டத்துல எத்தன பேரு சார் வருவீக? இப்பத்தான் ஒருத்தர் வந்துட்டுப் போனாரு. உசரமா, காதுல பென்சிலு, காலருக்குப் பின்னாடி கைக்குட்டை. பயலுக ஒவ்வொருத்தனா கூப்புட்டுக் கண்ணு ரெப்பைய இழுத்து இழுத்துப் பாத்தாரு. மஞ்ச இருக்கான்னு பாக்குறாராம். நல்ல மனுசன்."

காதில் பென்சிலும் காலரில் கைக்குட்டையுமாக மதுரை ஜில்லாவில் ஒரே ஒருவர்தான் திரிந்தார். அவரைத் தத்தனேரியில் எரித்தபோது தனிஸ்லாஸ் பக்கத்தில் நின்றிருந்தார்.

மறுவாரம் உசிலம்பட்டி. முதல் பஸ்ஸிலேயே போனார். "அந்த சார் நேத்தே வந்து தங்கிட்டாரே" என்றார்கள். பையன்களின் ரெப்பைகள் எல்லாம் சற்றுத் தொங்கிப்போயிருந்தன.

தனிஸ்லாஸ் யோசித்தார். எங்கே போகிறோம் என்று தனக்கே தெரியாவிட்டால் செத்தவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, பஸ் நிலையத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் வந்ததும் சில்லறையை நீட்டினார்.

"ஒங்களுக்கு எடுத்தாச்சு சார். முன்னாடி ஏறுனவரு ரெண்டு டிக்கெட்டா வாங்கிட்டாரு."

"எந்த ஊருக்கு?"

"சோழவந்தான். ஒங்க கூட வந்தவரு எங்க போறாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" கண்டக்டர் சிரித்தார். முன் இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் அந்த இருக்கையில் யாரும் உட்காரவும் இல்லை. கூட்டம் நின்றுகொண்டே வந்தது.

தனிஸ்லாஸ் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். பி.டி. மாஸ்டர் சவரியப்பன் கூடைக் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சார். ஒங்க சிநேகிதர் இப்பத்தான் போனாரு. ஒரு மாதிரியா இருந்தாரு. ஆரோக்கியத்துக்குப் போன வருசம் காமாலை வந்துச்சான்னு கேட்டாரு. 'அவனுக்கு ஒரு சளிகூடப் பிடிச்சதில்ல சார்'னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"'அப்பிடியா'ன்னாரு. இந்தா, இந்தக் கம்பத்துல சாஞ்சு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. தண்ணி வேணுமான்னேன். வேணாம்னுட்டாரு. கும்புட்டுட்டுப் போயிட்டாரு."

தனிஸ்லாஸ் கம்பத்தைத் தொட்டுப் பார்த்தார். நல்ல வெயில். கம்பம் சுட்டது. சாய்ந்த உயரத்துக்கு ஒரு முழம் மட்டும் ஜில்லென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டி மாடியில் ஆள் எடுப்பு. காளை நோட்டைத் திறந்து தொண்டையைச் செருமினார்.

"முத எடுப்பு முத்திருளன் தம்பிக்கு வரணும். அவரு இல்லாததுனால—"

"அதான் நாலாவதா வந்த எனக்கு" என்று நல்லகாமன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஆவின் பாலகம் வைத்திருந்தவர். வாய்க்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை.

அப்போதுதான் படியேறி பாண்டியம்மாள் வந்தாள். செல்லூரிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தாள். கையில் முத்திருளனின் நோட்டு.

"அவுக எடுப்ப விட்டுறக் கூடாதுன்னு சொன்னாக" என்றாள்.

"எப்பச் சொன்னாரு?" காளை பதறினார்.

"சொல்லலண்ணே. எழுதுறாக. ராவெல்லாம் பேனா கீச்சுக் கீச்சுங்குது. இந்த மாசம் ரெண்டு தடவ மை ஊத்திட்டேன்." ரேஷன் கடையில் சர்க்கரை போட்டுவிட்டார்கள் என்று சொல்வதுபோல் சொன்னாள். பிறகு நோட்டைத் தனிஸ்லாசிடம் நீட்டினாள். "நீங்களே வாசிங்கண்ணே. அவுக எழுத்து ஒங்களுக்குத்தான வெளங்கும்."

அது நிஜம். முத்திருளன் சர்க்காருக்கு முத்து முத்தாக எழுதுவார். தனக்கு எழுதினால் கோழி கிளறியதுபோல் இருக்கும். பத்திர ஆபீசில் அதைத் தனிஸ்லாஸ் ஒருவர்தான் படிப்பார்.

கடைசிப் பக்கத்தில் மை இன்னும் காயவில்லை. தனிஸ்லாஸ் மனதுக்குள் படித்தார். முதல் எடுப்பு: தனிஸ்லாஸ். வயது நாற்பத்தொன்று. ஐந்தடி ஐந்தங்குலம். கண் சுத்தம். நாக்கு சரியில்லை. எடுக்கிறேன்.

காளையின் ஒன்பதாம் விதிப்படி வாய்விட்டு வாசித்தால் எடுப்பு உறுதி. செத்தவர் ஒரு ஆளை எடுத்துக்கொண்டால் அவன் எங்கே போய் ஆட வேண்டியிருக்கும் என்பதை யோசிக்கத் தனிஸ்லாசுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மூன்று பெண்பிள்ளைகள். மூத்தவளுக்கு ஜோசபின் என்று பேர். இன்னும் பத்தாவதே தாண்டவில்லை. ஆரோக்கியம் என்று வாசித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? "ஆ" என்று வாய் திறந்தும்விட்டது.

திறந்த வாய் அப்படியே நின்றது. ஏற்கெனவே ஒரு பொய்யில் ஒரு மனிதன் போயிருக்கிறான். அவர் மூச்சை இழுத்துவிட்டு, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தார். நாக்கு உட்பட.

நல்லகாமன் முதலில் சிரித்தார். "அஞ்சடி அஞ்சங்குலமா? கூடைக்குக் கீழ ஏணி போட்டுல்ல நிக்கணும்!" மற்றவர்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

தனிஸ்லாஸ் சொல்லிவிட்டார். டீக்கடையில் சொன்ன காமாலை, முட்டுக்கொடுத்த கீழாநெல்லி, கட்டிலருகே விழுங்கிய உண்மை, எல்லாம். பாண்டியம்மாளைப் பார்க்காமல் பகடைக்காயைப் பார்த்துச் சொன்னார்.

"தெரியும்ணே" என்றாள் அவள். "வியாழக்கிழமையே எழுதியிருந்தாக."

"நீ வாசிப்பியா?"

"இம்புட்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், எழுத்து வெளங்காதா? நீங்க வேற பேர வாசிச்சா ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லி ஒண்ணு எழுதியிருந்தாக."

"என்னம்மா அது?"

"இனி எதுக்கு? அதான் வாசிச்சுட்டீகள்ல." நோட்டை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். மீதி எடுப்புகளை அவளே வாசித்தாள். ஆரோக்கியத்தை நல்லகாமன் எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் தனிஸ்லாஸ் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் மண்டிக்கு வந்தார். அவருடைய சீட்டில் காளை எல்லாக் கட்டத்திலும் முட்டை போட்டிருந்தார். பாண்டியம்மாள் வந்து அன்றைய ஐவரை வாசிப்பாள். ஆறாவதாக, "தனிஸ்லாஸ், வெளியே" என்பாள். அவருக்கு உயிர் வரும். மறுநாள் காலையிலிருந்து அது மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகத் தொடங்கும். உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று காளை ஒருநாள் கேட்டே விட்டார். "உள்ள விட்டா ஆடித்தான ஆகணும்" என்றாள்.

மாசியில் கடைசி ஆட்டம். முத்திருளன் குழுவும் நல்லகாமன் குழுவும். ஜெயிக்கிறவர் முதலாவது. கீழே ஆட்கள் தாள் வெட்டுகிற சத்தம், மேலே பகடைச் சத்தம். முத்திருளன் குழு அறுபத்தொன்று, எதிராளி அறுபது. இன்னும் நாலு உருட்டு பாக்கி. நல்லகாமன் உருட்டியதில் முத்திருளன் பையன் ஒருவனுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது; ஐந்து விழுந்தால் ஆள் வெளியே. அவன் சீட்டைக் காளை கவிழ்த்து வைத்தார்.

"ஆள் மாத்தணும்" என்றார். அப்புறம்தான் மாற்று ஆள் யாரென்று நினைவு வந்தது. "இல்லாட்டி நாலு பேரோட ஆடலாம். ஆனா எதிராளி உருட்டுல ஒண்ணு கூட்டிக்கணும். பதினாலாம் விதி."

"நாலு பேர் போதும்னு எழுதியிருக்கு" என்றாள் பாண்டியம்மாள்.

தனிஸ்லாஸ் எழுந்து நின்றார். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"விடச் சொல்லும்மா. நான் ஆடுறேன். நாலு பேரோட ஆடுனா தோத்துருவான். போன வருசமும் என்னாலதான் தோத்தான். என்னைய உள்ள விடச் சொல்லு."

பாண்டியம்மாள் நோட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புதிதாக எதுவும் வரவில்லை. மூடிபோட்ட பேனா பாய்மேல் அப்படியே கிடந்தது.

"அவுக சொன்னா சொன்னதுதாண்ணே."

உருட்டினார்கள். கடைசி உருட்டில், கூட்டிய அந்த ஒன்றில் ஆரோக்கியத்தின் பந்து விழுந்தது. நல்லகாமனுக்கு அறுபத்திரண்டு, முத்திருளனுக்கு அறுபத்தொன்று.

பாண்டியம்மாள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தாள். வழி விடுவதுபோல் எல்லாரும் காலை மடக்கிக்கொண்டார்கள். மாடிப்படியில் மேலிருந்து முதல் பலகை முனகியது. இரண்டாவது பலகை முனகியது. தனிஸ்லாஸ் படி ஓரத்துக்கு ஓடினார்.

"மாப்ள, ஒரு உருட்டுக்காவது விட்டிருக்கலாம்ல!"

முனகல் ஐந்தாவது படியில் நின்றது. கீழே தாள் வெட்டுகிற சத்தமும் நின்றது. எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு மிச்சப் படிகளும் ஒவ்வொன்றாக முனகின.